தாம்பூலப் பை வாங்காத விருந்தாளிகள்

வயதானால் கம்ப்யூட்டர் மெதுவாகிவிடும் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. இது தவறு. சாதாரணத் தவறும் அல்ல. பூமி தட்டை என்று நம்பியவர்கள் அந்த நம்பிக்கையால் யாருக்கும் பெரிய செலவு வைக்கவில்லை. இதை நம்புகிறவர்களோ நல்ல பெட்டிகளைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டுப் புதுப் பெட்டி வாங்கி, அதையும் அதே கதிக்கு ஆளாக்கி, குற்ற உணர்ச்சி சிறிதுமின்றி நிம்மதியாகத் தூங்குகிறார்கள். கம்ப்யூட்டருக்கு வயதாவதில்லை. அதற்கு மூட்டுவலி கிடையாது, மறதி கிடையாது; சொல்லப்போனால் மறக்கத் தெரியாததுதான் அதன் வியாதி. அது மெதுவாவதற்கு உண்மையான காரணம் விருந்தாளிகள். கோவில்பட்டி வாட்டர் டேங்க் தெருக்காரர்களுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் அந்த விருந்தாளிகளுக்கு அவர்கள் தங்கள் கையாலேயே மோர் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தத் தெருவில் ஆவுடைத்தங்கத்தின் வீட்டிலிருந்த கம்ப்யூட்டர், மூடப்பட்ட ஓர் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து வந்தது. வாங்கி வந்தவர் அவள் கணவர் கோமதிநாயகம். பஞ்சாலையில் கணக்கு எழுதுகிறவர். பிறந்ததிலிருந்து யாரிடமும் எதையும் வேண்டாம் என்று சொல்லி அறியாதவர். பெட்டி அவரிடம் ஏதாவது கேட்டபடி இருக்கும். இதைச் சேர்த்துக்கொள்ளலாமா? சரி. இதோடு இன்னும் மூன்று பேர் வருகிறார்கள், பரவாயில்லையா? சரி. இனி தினமும் பெட்டியைத் திறந்தவுடன் இவர்களே முதலில் வந்து உட்காரலாமா? அதற்கென்ன, சரி.

“எதுக்கு எல்லாத்துக்கும் சரி, சரின்னு அமுக்குதீங்க?” என்று தங்கம் கேட்டால், “கேக்கவங்க மூஞ்சில அடிச்ச மாதிரி இல்லைன்னு சொல்ல முடியுமாட்டி?” என்பார்.

ஒரு வைகாசிக் காலையில் தங்கம் பொத்தானை அமுக்கிவிட்டு, தோசைக்கல்லைக் காயவைத்து, எண்ணெய் தடவி, முதல் தோசையை ஊற்றி, அது கல்லில் ஒட்டி, சுரண்டி எடுத்து, இரண்டாவதும் மூன்றாவதும் ஊற்றி எடுத்த பிறகும் திரை வெளுக்காமல் கிடந்தது. அப்போது மேஜைக்குப் பின்னாலிருந்து, சுவருக்கும் பெட்டிக்கும் நடுவிலிருந்த இடுக்கிலிருந்து, ஒருவர்பின் ஒருவராக அவர்கள் வெளியே வந்தார்கள். வந்தவர்கள் சட்டையிலும் புடவையிலும் ஒட்டியிருந்த ஆயுத பூஜைக் குங்குமத்தைத் தட்டிவிட்டுக்கொண்டார்கள். நல்ல வளர்ப்பு என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டுக்கு உள்ளேயிருந்தே வந்திருந்தும், நேராக வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, மறுபடி முறைப்படி படியேறி உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.

“வாங்க, வாங்க,” என்றார் கோமதிநாயகம். “தங்கம், மோர் கொண்டா.”

முதலில் உட்கார்ந்தவர் காவல்காரர். பெட்டிக்குள் கிருமி நுழையாமல் பார்த்துக்கொள்ள வந்தவர்; தவணை எப்போதோ முடிந்துபோயும் வேலையை விட மனமில்லாமல், “நீங்கள் பாதுகாப்பாக இல்லை” என்று எதிரில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்தவர் பிரிண்டரின் ஆள். அந்தப் பிரிண்டர் ஆடிட்டரோடேயே போய்விட்டது; அவரோ “பேப்பர் இல்லை” என்று பெருமூச்சு விட்டார். ஆடிட்டரின் மகன் ஏதோ குளிர் தேசத்தில் இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் வானிலைக்காரர் தலையில் கம்பளிக் குல்லாயோடு வந்து, “இன்று கடும் பனி பெய்யும்” என்றார். ஆடிட்டரின் வாடிக்கைக்காரர்களுடைய பிறந்தநாள்களை மனப்பாடமாக வைத்திருந்த பட்டுப்புடவை அம்மா ஒருத்தி. பாட்டுப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்த மூன்று சகோதரிகள். “இப்பவா, அப்புறமா?” என்று மட்டுமே கேட்கிற, எதை என்று ஒருபோதும் சொல்லாத ஓர் ஆசாமி. கடைசியாக, சுவர் மூலையில் சம்மணமிட்டு உட்கார்ந்த வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர். அவர் பேசவில்லை, பெயர் சொல்லவில்லை, மோர்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

தெரு அவர்களை எப்படி ஏற்றுக்கொண்டது என்றால், முதல் வாரம் எட்டிப் பார்த்தது, இரண்டாம் வாரம் விசாரித்தது, மூன்றாம் வாரத்திலிருந்து உரிமையோடு வேலை வாங்கியது. எதிர்வீட்டுப் பிரம்மசக்தி வானிலைக்காரரைக் கவனித்து, அவர் எவ்வளவு பனி சொல்கிறாரோ அவ்வளவு வெயில் இங்கே அடிக்கிறது என்று கண்டுபிடித்தாள். கடும் பனி என்றால் வத்தல் போடலாம், லேசான பனி என்றால் துணி மட்டும் துவைக்கலாம், வானம் தெளிந்திருக்கும் என்று அவர் சொன்ன அன்றைக்குத் தெருவே மாடியிலிருந்ததை வாரிக்கொண்டு இறங்கியது. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற அருமைநாயகம் சார் காவல்காரரைச் சாயங்காலம் தெருமுனையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். “நீங்கள் பாதுகாப்பாக இல்லை” என்ற குரலைக் கேட்டதும் பூட்டிய வீட்டை நோட்டம் பார்க்க வருகிறவர்கள் வந்த வழியே திரும்பினார்கள். பட்டுப்புடவை அம்மா ஒரு நாள், “இன்று திரு. வேதநாராயணன் அவர்களுக்குப் பிறந்தநாள்” என்றாள். வேதநாராயணன் யார் என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. அதற்காகச் சும்மா இருந்துவிட முடியுமா? கேசரி கிண்டி எல்லா வீட்டுக்கும் கொடுத்தார்கள். அடுத்த வாரம் ஒரு ரங்கபாஷ்யம். அதற்கடுத்த வாரம் ஒரு பர்வீன் பானு; அன்றைக்குப் பிரியாணி.

அவர்கள் வந்ததில் நஷ்டப்பட்டது கம்ப்யூட்டர் மட்டும்தான். கூடத்தில் அத்தனை பேரும் உட்கார்ந்து, மோர் குடித்து, நலம் விசாரித்து முடிக்கும்வரை அது எதையும் செய்வதில்லை. விருந்தாளி இருக்கும்போது வீட்டுக்காரர் தன் சொந்த வேலையைப் பார்ப்பது மரியாதை இல்லை அல்லவா?

இங்கே தங்கத்தின் பேப்பரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பி.காம் படிப்பில் அவளுக்கு ஒரே ஒரு பேப்பர் பாக்கி, புள்ளியியல். படிக்காமல் போனதல்ல, அந்தக் காலத்தில் வகுப்பில் அவளை மிஞ்சிக் கணக்குப் போட ஆள் கிடையாது. பரீட்சைக்குக் கிளம்பிப் பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் அவளைப் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். “வீட்டுக்கு வந்தவங்கள விட்டுட்டு எங்கட்டி போற?” என்று அவள் அம்மா கையிலிருந்த ஹால் டிக்கெட்டை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, கரண்டியைக் கொடுத்தாள். அவள் பஜ்ஜி போட்டாள். வந்தவர்களில் நடுவில் உட்கார்ந்து, எதை வைத்தாலும் சரி, சரி என்று சாப்பிட்டவர் கோமதிநாயகம். பிறகு கல்யாணம், பிள்ளை, பிள்ளையின் படிப்பு, பிள்ளையின் கல்யாணம். இத்தனை வருடம் கழித்து, பழைய பாக்கிக்காரர்களுக்கெல்லாம் கடைசியாக ஒரு வாய்ப்பு என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் எழுதலாம். இதை விட்டால் இனி கிடையாது.

தங்கம் பணம் கட்டினாள். பரீட்சைக்கு முந்தைய வாரம் ஒத்திகை வைத்தார்கள். “உங்களைக் கண்காணிக்க அறைக்குள் வரலாமா?” என்று திரை கேட்டது. இந்த முறை சரி என்று அமுக்கியது தங்கம்தான். நியாயத்துக்காக இதைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. திரையில் கண்ணாடி போட்ட, கழுத்துப்பட்டை கட்டிய கண்காணிப்பாளர் ஒருவர் தோன்றினார்.

“உங்களுக்குப் பின்னால் மோர் குடித்துக்கொண்டிருப்பது யார்?”

“விருந்தாளிங்க சார்.”

“அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது.”

“இப்பவா, அப்புறமா?” என்று கேட்டார் பின்னாலிருந்த ஆசாமி. கண்காணிப்பாளர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாயோடு திரை உறைந்து நின்றது. தோசை மாவு புளிக்கும் நேரம் கழித்து உதடு அசைந்து, “பரீட்சை அன்று இப்படி நின்றால் உங்கள் தாள் முடிந்ததாகக் கொள்ளப்படும்” என்றார்.

அன்றைக்குத் தங்கம் புடவை முந்தானையை இழுத்துச் செருகினாள். செருகியதைப் பரீட்சை முடியும்வரை அவிழ்க்கவில்லை.

பழுதுபார்க்கும் கடையில் காட்டினாள். “வயசாயிட்டுக்கா, புதுசு வாங்கிருங்க,” என்றார்கள். இந்த மூடநம்பிக்கையைப் பற்றி முதலிலேயே சொல்லியாகிவிட்டது. தங்கமும் அதை நம்பாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, தானே திறந்தாள். மேலே போட்டிருந்த ஜரிகை வைத்த உறையைக் கழற்றி எறிந்தாள். மூச்சுவிட வேண்டிய பெட்டிக்குத் தாவணி போட்டு மூடியதே முதல் குற்றம். உள்ளே காற்றாடியில் குங்குமமும் விபூதியும் காய்ந்த சந்தனமும் அடை அடையாக அப்பியிருந்தன. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, சைக்கிள் பம்ப்பால் ஊதிச் சுத்தம் செய்தாள். பெட்டியின் இரைச்சல் அடங்கியது. விருந்தாளிகளின் இருமலும் நின்றது. ஆனால் அவர்கள் எழுந்திருக்கவில்லை.

குப்பைக் கூடையைக் காலி செய்தாள். கூடம் மணத்தது, அவர்கள் இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். கையிலிருந்த காசைப் போட்டு நினைவகத்தைக் கூட்டினாள். கூடம் நான்கு முழம் நீண்டது, பக்கத்து வீட்டுச் சுவர் ஓர் அங்குலமும் நகராமல். நீண்ட கூடத்தில் விருந்தாளிகள் காலை நீட்டிப் படுத்தார்கள். யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டும் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொருவர் பெயராக அமுக்கி, முடித்துக்கொள் என்றாள். மறுப்பே சொல்லாமல் எழுந்தார்கள். “போயிட்டு வர்றோம்” என்று கும்பிட்டுப் போனார்கள். சொன்ன சொல் தவறாதவர்கள். மறுநாள் காலை பொத்தானை அமுக்கியதும் வந்துவிட்டார்கள்.

“இந்தத் தடவையும் எனக்குப் பஜ்ஜிதான் போலிருக்கு,” என்றாள் தங்கம்.

கோமதிநாயகம் தட்டிலிருந்து நிமிரவில்லை. “அன்னைக்குப் பரீட்சைன்னு எனக்குத் தெரியாதுட்டி,” என்றார். அந்த வீட்டில் அதைப் பற்றி அதுவரை யாரும் பேசியதில்லை.

வழி தெரிந்தது பிரம்மசக்தியின் அண்ணன் மகள் நிச்சயதார்த்தத்தில். தாம்பூலப் பை கொடுக்கும் மேஜையில் தங்கத்தை நிறுத்தியிருந்தார்கள். பையைக் கொடுத்துக்கொண்டே அவள் பார்த்தாள். சாப்பாட்டில் உப்பில்லை என்று சண்டைக்கு நின்றவர், நிலத் தகராறை ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவர், மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்டுத் துளைத்துக்கொண்டிருந்தவர் எல்லோருமே, கையில் பை ஏறிய மாத்திரத்தில், பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுச் செருப்பைத் தேடினார்கள். பை வாங்கிய பிறகும் பந்தலில் உட்கார்ந்திருந்தவர் என்று நம் பக்கத்தில் ஒருவரும் இதுவரை பிறக்கவில்லை. நம் வீட்டுக்கு வந்தவர்களிடம் இருங்க, சாப்பிடுங்க, போயிட்டு வாங்க என்று சொன்னோமே தவிர, விசேஷம் முடிந்தது என்று சொல்லவே இல்லையே என்பது தங்கத்துக்கு அங்கே நின்றபோதே உறைத்தது.

பரீட்சைக்கு முந்தின நாள் காலை அவள் தேங்காயும் வெற்றிலையும் பாக்கும் பழமும் மஞ்சள் பைகளும் வாங்கி வந்தாள். தெருவுக்கு வாசம் எட்டிவிட்டது. பிரம்மசக்தி முன்னால் வர, தெரு பின்னால் வந்தது.

“ஏ தங்கம், விருந்தாளிய விரட்டப் போறியாமே?”

“விரட்டல மதினி. மரியாதையா அனுப்புதேன்.”

“எனக்கு வடகம் மாவு கிடக்கு. வானிலைக்காரரு இல்லாட்டி எதைப் பாத்துப் பிழிய?”

“வானத்தைப் பாத்துப் பிழிங்க.”

“அம்மா, கொஞ்சம் நிதானமா யோசிக்கணும்,” என்றார் அருமைநாயகம் சார், பச்சைக் கொடி பிடித்துப் பழகிய கையை உயர்த்தி. “இந்தத் தெருவுக்குக் காவல் வேண்டாமா? நாளைக்கு ஒரு களவு போச்சுன்னா யாரு ஜவாப்பு?”

“ஒங்க வீட்டுல ரூம் சும்மாதான் கிடக்கு சார். கூட்டிட்டுப் போய் வச்சுக்கோங்க.”

“நம்ம வீட்டுலயா?”

“எங்க வீட்டுல இருந்தா காவலு, ஒங்க வீட்டுல இருந்தா பாரமா?”

அருமைநாயகம் சார் உயர்த்திய கையை இறக்கிக்கொண்டார். தங்கம் தெருவைப் பார்த்துச் சொன்னாள்: “நாளைக்கு எனக்குப் பரீட்சை. யாருக்கு யாரு வேணுமோ வாசல்ல நின்னு கூட்டிக்கோங்க. சாயந்தரத்துக்குள்ள எனக்குக் கூடம் வேணும்.”

அப்படித்தான் நடந்தது. அவள் ஒவ்வொருவர் கையிலும் பையை வைத்தாள். பை ஏறியதும் அவர்கள் எழுந்தார்கள், போயிட்டு வர்றேன் என்று சொல்லாமல் படியிறங்கினார்கள். காவல்காரரை அருமைநாயகம் சார் அழைத்துப் போனார். வானிலைக்காரர் குல்லாயோடு பிரம்மசக்தியின் மொட்டை மாடிக்குப் போனார். பிரிண்டர் ஆளை முக்குக் கடை ஜெராக்ஸ்காரர் கூட்டிப் போய் அலமாரியைத் திறந்து காட்ட, அவர் அத்தனை பேப்பரையும் கண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். பட்டுப்புடவை அம்மாவைக் கடலை மிட்டாய்க் கடையில் விரும்பிக் கேட்டார்கள். சகோதரிகள் மூவரும் மைக் செட்காரரோடு போனார்கள். இப்பவா அப்புறமா ஆசாமியை வேண்டுவார் இல்லாமல் இருந்து, கடைசியில் கல்யாணத் தரகர் ஒருவர், பிடிகொடுக்காத பெண் வீட்டாரிடம் உட்காரவைக்க ஏற்ற ஆள் என்று கைப்பிடித்துக் கூட்டிப்போனார்.

கொடுத்துப் பழகிய கை நிற்கவில்லை. மூலையில் இருந்த வெள்ளைச் சட்டைக்காரருக்கும் தங்கம் ஒரு பையை நீட்டினாள். அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வாங்கிக்கொண்டார். எழுந்து போனார்.

கூடம் காலியாக இருந்தது. தங்கம் பொத்தானை அமுக்கினாள். அமுக்கிய விரலை எடுக்கும் முன் திரை பளிச்சென்று வெளுத்தது. அவள் சிரித்துக்கொண்டே பெயரை அடித்தாள். ஓர் எழுத்தும் விழவில்லை. மறுபடி அடித்தாள். எந்தப் பொத்தானைத் தட்டினாலும் திரை அவளைத் தெரியாதது போல் பார்த்தது. இத்தனை நாள் பெட்டியை ஓட்டியவர் அந்த வெள்ளைச் சட்டைக்காரர்தான். வேலை செய்கிறவர் சத்தம் போட மாட்டார், மோர் கேட்க மாட்டார் என்பது அவளுக்குத் தெரியாத விஷயமல்ல; தன் வீட்டிலேயே அப்படி ஒருத்தி இருந்தாள்.

வெறுங்காலோடு ஓடினாள். அவர் பஸ் நிறுத்தத்தில், பையை மடியில் வைத்து, எந்தப் பஸ்ஸும் தன்னுடையது இல்லை என்பதுபோல் உட்கார்ந்திருந்தார். பை கையில் இருக்கும்வரை அவரால் திரும்ப முடியாது. கொடுத்த தாம்பூலத்தைத் திரும்ப வாங்குவதோ, பந்தியில் உட்கார்ந்தவரின் இலையை உருவுவதைவிடக் கேவலம். நிறுத்தத்தில் ஆட்கள் நின்றார்கள். பிரம்மசக்தி மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கம் கையை நீட்டி, “அதைக் குடுங்க,” என்றாள்.

நிறுத்தத்தில் ஓர் அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். மாடியிலிருந்து, “ஏ பாவி!” என்று குரல் வந்தது. வெள்ளைச் சட்டைக்காரர் பையைக் கொடுத்தார். அவளுக்கு முன்னால் நடந்து வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிப் போட்டு, மூலையில் உட்கார்ந்தார். தங்கம் மறுபடி தன் பெயரை அடித்தாள். அடிக்க அடிக்க எழுத்துகள் விழுந்தன.

திரும்பி வந்த அந்தப் பையை மேஜை ஓரத்தில் வைத்தாள். கணவரிடம், “இது நாளைக்குப் பரீட்சை முடிஞ்சதும் கண்காணிப்பாளருக்குக் குடுக்க. தொடாதீங்க,” என்றாள்.

“சரி,” என்றார் அவர்.

பரீட்சை அன்று காலை பெட்டி உடனே திறந்தது. கண்காணிப்பாளர் உள்ளே பார்த்தார்.

“அது யார்?”

“வீட்டுக்காரர் சார்.”

“அவர் வெளியே போக வேண்டும்.”

கோமதிநாயகம் வாசற்படியில் போய் உட்கார்ந்தார்.

“மூலையில் இருப்பவர்?” என்று தானே கேட்டுவிட்டு, கண்காணிப்பாளர் கண்ணாடியைச் சரிசெய்து மறுபடி பார்த்து, குரலைத் தாழ்த்தினார். “அவர் இருக்கட்டும். அவர் இல்லாவிட்டால் நானும் இல்லை.”

தங்கம் எழுதினாள். சராசரியும் இடைநிலையும் எழுதினாள், திட்டவிலக்கம் எழுதினாள். வாசலில் யாரோ வருவதும் கோமதிநாயகம் தாழ்ந்த குரலில் அவர்களைத் தடுப்பதும் காதில் விழுந்தும் விழாததுபோல் எழுதினாள். பால்காரரிடமும், நலம் விசாரிக்க வந்த சொந்தக்காரரிடமும், பிரம்மசக்தியிடமும் அவர் வாழ்க்கையில் முதல்முறையாக, “இப்ப முடியாது” என்று சொன்னார். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான்காவதாக வந்தவர் காஸ் சிலிண்டர்காரர். வெயிலில் தோளில் சுமந்து வந்தவரைத் திருப்பி அனுப்பிய பிறகு அவருக்கு மனசு கேட்கவில்லை. வெறுங்கையோடு அனுப்பக் கூடாதே என்று ஜன்னல் வழியாகக் கைவிட்டு, மேஜை ஓரத்திலிருந்த பையை எடுத்து அவரிடம் கொடுத்தார்.

தங்கம் கடைசிக் கணக்கை முடித்துச் சமர்ப்பித்தபோது பெட்டி ஒரு நொடிகூட நிற்கவில்லை. கையை நீட்டினாள், மேஜை ஓரத்தில் பை இல்லை.

மறுநாள் காலை வாசலில் பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ ஒரு ஜோடி கிடந்தது. கண்காணிப்பாளர் கூடத்தில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கோமதிநாயகம் வாசலைப் பார்த்து யாரையோ வாங்க, வாங்க என்று கூப்பிட வாயெடுத்தார். “அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது,” என்றார் கண்காணிப்பாளர். வந்தவர் வாசலோடு பேசிவிட்டுப் போனார்.

ஆடி மாதம் முடிவு வந்தது. தங்கம் பாஸ். தெருவில் கேசரி கிண்டினார்கள். இந்த முறை யாருக்காக என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அன்று சாயங்காலம் தங்கம் மார்க்கெட்டுக்குப் போனாள். கத்திரிக்காய் வாங்கினாள், முருங்கைக்காய் வாங்கினாள், ரசத்துக்குத் தக்காளி வாங்கினாள். வெற்றிலைக் கடையைத் தாண்டித் தேங்காய்க் கடைக்கு வந்ததும் கடைக்காரர், “தாம்பூலத்துக்கு நல்ல காய்க்கா, எடுத்துக்கோங்க,” என்று ஒன்றைத் தட்டிக் காட்டினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.